வோட்டும் நேர்த்திக்கடனும்

சங்கத் தேர்தல் நெருங்குந்தோறும் நம் அன்பர்களிற் சிலர், "வோட்டு என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்த்திக்கடன் என்பதே மூலப்பொருள், ஆதலின் வோட்டளித்தல் தெய்வ சந்நிதியிற் செய்யும் பிரதிக்கினைக்கு ஒப்பாம்" என்று மேடையேறிப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அவ்வுரையிற் பாதி மெய். மற்றப் பாதியைச் சரித்திரங்கொண்டு ஆராய்தல் வேண்டும். அப்பேச்சையே பற்றுக்கோடாகக் கொண்டு, வாக்காளரைக் கற்பூரம் அணைக்கச் சொல்லும் வழக்கமும் நம்மிடையே உளதாகலின், இவ்வாராய்ச்சி வெறும் அகராதி விளையாட்டன்று.

லத்தீன் மொழியில் 'வோவரே' என்பது நேர்ந்துகொள்ளுதலைக் குறிக்கும் வினை. அதனினின்று பிறந்த பெயர் 'வோட்டும்'. (ஈற்றிலுள்ளதை நம் உம்மையென மயங்கற்க, அஃது அம்மொழியின் விகுதி.) சபதத்தைக் குறிக்கும் 'வௌ', பக்தியைக் குறிக்கும் 'டிவோஷன்', தேர்தலுக்குரிய 'வோட்' ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களும் இவ்வொரு வேரிற் கிளைத்தனவே.

உரோமரது நேர்த்திக்கடன் பெரும்பாலும் ஒப்பந்தம் போன்றது. இன்னது கைகூடின் இன்னது செலுத்துவேன் என்பதே அதன் வடிவம். பிரிட்டன் தீவிற் காவலிருந்த உரோமப் போர்வீரர், வேண்டுதல் பலித்தபின் நாட்டிய பலிபீடக் கற்களில், கடனை மனமுவந்து முறைப்படி தீர்த்தமையை நான்கே எழுத்துக்களாற் சுருக்கிப் பொறித்திருக்கின்றனர். 'டிவோஷன்' என்பதன் பழம்பொருளோ இன்னுங் கடுமையானது. கி.மு. 340-இல் லத்தீனியரோடு நிகழ்ந்த போரில், தன் சேனை பின்வாங்கக் கண்ட தேசியஸ் முஸ் என்னும் கான்சல், தலையை மூடி, ஈட்டியின்மேல் நின்று, தன்னையும் பகைவர் படையையும் பாதாள தேவதைகளுக்கு ஒப்புக்கொடுத்துப் பகைவர் நடுவே பாய்ந்து மடிந்தான் என்று லிவி எழுதுகிறார். இன்று காலைப் பூஜைக்கு வழங்குஞ் சொல் அன்று உயிர்க்கொடைக்கு வழங்கியது.

இனி, வோட்டும் நேர்த்திக்கடனும் மெய்யாகவே ஒருங்கு சந்தித்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. கி.மு. 217-இல் திரசிமீன் ஏரிக்கரையில் அனிபால் உரோமச் சேனையை நாசஞ் செய்தான். நடுங்கிய செனட் சபை, ஐந்தாண்டு நாடு பிழைத்திருப்பின் ஒரு வசந்த காலத்திற் பிறக்கும் பன்றி, செம்மறி, வெள்ளாடு, மாடு ஆகியவற்றின் குட்டி கன்றுகள் அனைத்தையும் ஜூபிடருக்குப் பலியிடுவதென எண்ணிற்று. அப்பொழுது தலைமைப் புரோகிதர், குடிகளின் உடைமையைக் குடிகளைக் கேளாமல் நேர்ந்துகொள்ளலாகாது என்று தடுத்துரைத்தார். அவ்வண்ணமே ஜனசபையைக் கேட்டு, அதன் இசைவு பெற்ற பின்னரே வேண்டுதல் செய்யப்பட்டது. பலி நிறைவேறியது கி.மு. 195-இல். முறை பிழைத்ததென்று மறு ஆண்டும் அதனைச் செய்தனர்!

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. அச்சபையில் ஜனங்கள் அளித்ததற்கு உரோமர் 'வோட்டும்' என்று பெயரிடவில்லை. 'சஃப்ராகியம்' என்றே வழங்கினர். நேர்த்திக்கடன் வேறு, இசைவு வேறு என்பது அவர்கட்கு ஐயமின்றித் தெரிந்திருந்தது. பின்னர்க் கிறிஸ்தவ சபையார் இந்தச் 'சஃப்ராகியம்' என்பதையே பரிந்து வேண்டும் பிரார்த்தனைக்குப் பெயராக்கினர். இன்றும் ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டில் குருவும் சபையாரும் மாறிமாறிச் சொல்லும் வேண்டுதல்களுக்கு அதுவே பெயர். இப்பால் நேர்த்திக்கடனைக் குறித்த சொல்லோ 15-ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலம் புகுந்து, விருப்பம் என்னும் பொருள்வழியே தேர்தலுக்குரியதாயிற்று. கோயிற்சொல் மன்றத்திற்கும், மன்றச்சொல் கோயிலுக்கும் குடிமாறின. ஆகவே சொல்லின் பிறப்பைக் காட்டி வோட்டைச் சத்தியமாக்குவார் வாதம் நில்லாது.

அவ்வுரோமரே கி.மு. 139 வரை வாயாற் சொல்லி வோட்டளித்தனர். அவ்வாண்டில் காபினியச் சட்டத்தால் அதிகாரிகளின் தேர்தலுக்கு மெழுகு பூசிய சிறு பலகை வந்தது. தலைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. சிசரோ தம் 'சட்டங்கள்' என்னும் நூலில், பலகை ஜனங்களிடமே இருக்கட்டும், ஆயினும் பெரியோர்க்கு அதனைக் காட்டுக என்று ஒரு விதி வகுத்தார். எத்துணை நயமான ஏற்பாடு! இங்கிலாந்திலோ 1872-ஆம் ஆண்டுச் சட்டம் வருமுன், குடியானவன் பலரறிய அபேட்சகர் பெயரைக் கூறவேண்டும்; அதனைப் புத்தகத்திற் பதிந்து அச்சிட்டும் விற்றனர். நிலக்கிழார் அதனைப் படித்தறிய ஒரு தடையுமில்லை.

நாமோ வோட்டுக்கு 'வாக்கு' என்று பெயரிட்டோம். வாக்குக் கொடுத்தான் எனின், வீட்டுத் திண்ணையில் உறுதி சொன்னான் என்பதும் பொருள். பெட்டியிற் சீட்டிட்டான் என்பதும் பொருள். கற்பூரத் தட்டோடு வருவோர்க்கு இம்மயக்கம் மிக உதவுகிறது. எம் உறவில் ஒரு மூதாட்டியார், ஒரு சங்கத் தேர்தலில் இருதிறத்தாரும் இல்லந்தேடி வந்து நின்றமையால், யாரையும் மறுக்கமாட்டாமல் இருவருக்கும் கற்பூரம் அணைத்துவிட்டார். வோட்டு ஒன்றே; அதனை யாருக்கு அளித்தாரென்பதை நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தேர்தல் முடிந்த பின், பொய்ச்சத்தியத்திற்குப் பரிகாரமாகக் குலதெய்வத்திற்கு நேர்ந்துகொண்டு, ஓராண்டு வெள்ளிதோறும் முழங்கால் வலியோடு கோயிற் படியேறி நெய்விளக்கு ஏற்றி வந்தார். வென்றவரும் தோற்றவரும் அவரைப் படியிற் கண்டு வணங்கிப் போவதுண்டு. விளக்கு எதற்கென்று இருவருக்கும் தெரியாது.