விந்துப் பரிசோதனை

விந்துப் பரிசோதனை என்பது விந்தணுக்களின் எண்ணிக்கை, நகர்வு, வடிவம் ஆகியவற்றையும் விந்துத் திரவத்தின் அளவு, அமிலத்தன்மை முதலியவற்றையும் ஆய்வகத்தில் கண்டறியும் சோதனை. கருத்தடை எதையும் கையாளாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காதபோது ஆணுக்குச் செய்யப்படும் முதல் சோதனை இதுவே. இதற்கு ஊசி வேண்டாம், மயக்கமருந்து வேண்டாம், செலவும் குறைவு. குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதியில் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. அப்படியிருந்தும் பெண்ணுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய்ச் சோதனை எல்லாம் முடிந்த பிறகே கணவனை லேபுக்கு அனுப்பும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் ஒழியவில்லை. இருவருக்கும் ஒரே காலத்தில் சோதனை தொடங்குவதே முறை.

விந்தணுவை நுண்ணோக்கியில் கண்டு 1677இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியவர் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹுக். எண்ணிக் கணக்கிடும் வழக்கம் வர இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. ரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் கட்டமிட்ட கண்ணாடித் தகட்டை 1929இல் மகோம்பரும் சாண்டர்ஸும் விந்தணு எண்ணவும் பயன்படுத்தினர். 1951இல் அமெரிக்காவின் மக்லியாடும் கோல்டும் குழந்தை பெற்ற ஆயிரம் ஆண்களையும் குழந்தையில்லாத ஆயிரம் ஆண்களையும் ஒப்பிட்டனர். மில்லிலிட்டருக்கு 2 கோடி என்ற எல்லை நெடுங்காலம் நிலைத்தது அந்த ஆய்வின் வலுவில்தான். உலக சுகாதார நிறுவனம் 1980இல் வெளியிட்ட ஆய்வகக் கையேடு செய்முறையை ஒழுங்குபடுத்தியது. அதன் ஆறாம் பதிப்பு 2021இல் வந்தது.

முடிவு சரியாக அமைவது மாதிரி எடுக்கும் விதத்தைப் பொறுத்தது. முந்தைய விந்து வெளியேற்றத்துக்குப் பின் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் எண்ணிக்கை தாழும். மிகக் கூடினால் நகர்வு மங்கும். லேபிலேயே தனியறையில், சுயஇன்பத்தின் மூலம், தரப்பட்ட வாயகன்ற டப்பாவில் எடுப்பதே நல்லது. சாதாரண ஆணுறை, எண்ணெய், உமிழ்நீர் ஆகியவை விந்தணுவைக் கெடுக்கும். வீட்டில் எடுத்தால் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் சிந்திவிட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். விந்தணுக்களில் பெரும்பகுதி முதலில் வரும் துளிகளில்தான் இருக்கும், அவை போனால் அந்தச் சோதனையே பயனற்றது.

கட்டியாக வெளிப்படும் விந்து, புரோஸ்டேட் சுரப்பியின் நொதிகளால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் நீர்த்துவிடும். எடைபோட்டு அளவு காண்பார்கள். நேரம் கடந்தால் தளர்ந்துவிடும் என்பதால் நகர்வை முதலில் பார்த்து, விரைவாக முன்னேறுபவை, மெதுவாக முன்னேறுபவை, இருந்த இடத்திலேயே துடிப்பவை, அசையாதவை என்று நான்காகப் பிரிப்பார்கள். அசையாததெல்லாம் இறந்தது அல்ல. இயோசின் சாயம் சேர்த்தால் செத்த அணுவுக்குள் சாயம் புகும், உயிருள்ளதில் புகாது. பிறகு திரவத்தை நீர்க்கச் செய்து, இரண்டு முறை தலா 200 விந்தணுக்களாவது எண்ணி, இரு எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பரபரப்பான லேப்களில் பலியாவது பெரும்பாலும் இந்தப் பொறுமைதான்.

2021 கையேட்டின்படி கீழ்எல்லைகள்: அளவு 1.4 மில்லிலிட்டர், மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு, மொத்தம் 3.9 கோடி, அசைபவை 42 சதவீதம், முன்னேறிச் செல்பவை 30 சதவீதம், உயிருள்ளவை 54 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். இந்த எண்கள் எப்படி வந்தன என்று அறியாமல் ரிப்போர்ட்டைப் படிப்பவர்கள் வீணாக உடைந்துபோகிறார்கள். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற, 12 நாடுகளைச் சேர்ந்த 3,500க்கும் மேற்பட்ட ஆண்களைச் சோதித்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினரைப் பிரிக்கும் இடத்தில் கோடு கிழிக்கப்பட்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களும் தகப்பனார்களே. மேலே இருப்பதும் குழந்தைக்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே, ‘குறைவு’ என்று அச்சிட்ட ஒற்றை எண்ணைக் கொண்டு ஒருவரை மலடன் என்று தீர்ப்பது அறிவியலுக்குப் பொருந்தாது. வடிவத்துக்கான 4 சதவீதம் பலரைத் திடுக்கிட வைக்கிறது. நூற்றில் 96 பழுதா என்று கேட்கிறார்கள். தலை, கழுத்து, வால் மூன்றும் கண்டிப்பான அளவுகோலுக்குள் அடங்கினால்தான் ‘இயல்பு’ என்று எண்ணப்படும். குழந்தை பெற்ற ஆண்களிலும் பெரும்பாலான விந்தணுக்கள் அந்த அளவுகோலைத் தாண்டுவதில்லை.

ஒரே ஆளின் எண்களும் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் பிடிக்கிறது. அதனால் இரண்டு மாதம் முன்பு வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியலாம். முதல் முடிவு குறைவாக இருந்தால் சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரை விட்டு மறுபடி பார்ப்பது அதனால்தான். உடற்கட்டுக்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஸ்டீராய்டு மருந்துகளும் மூளையிலிருந்து விந்தகத்துக்குப் போகும் ஹார்மோன் கட்டளையைத் தடுத்து விந்தணு உற்பத்தியையே நிறுத்தக்கூடியவை. மருத்துவரிடம் மறைக்கக் கூடாத செய்தி இது. அவற்றை நிறுத்தினால் பலருக்கும் உற்பத்தி திரும்புகிறது. அதற்கு மாதங்கள் ஆகும்.

விந்தணுவே தென்படாத நிலை ஏஸூஸ்பெர்மியா. நூறு ஆண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இது உண்டு. மாதிரியை மையவிலக்கியில் சுழற்றி அடியில் படிந்ததைத் தேடிப் பார்க்காமல் இதை உறுதிசெய்யக் கூடாது. காரணம் வழியடைப்பாக இருக்கலாம். உற்பத்திக் குறையாகவும் இருக்கலாம். அளவு மிகக் குறைந்து, அமிலத்தன்மையும் இருந்தால் பிறவியிலேயே விந்து நாளங்கள் அமையாதது காரணமாகலாம். அனுபவமுள்ள மருத்துவர் விதைப்பையைத் தொட்டே கண்டுகொள்வார். இதற்குப் பின்னால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கான மரபணுவின் மாற்றம் இருக்கக்கூடும் என்பதால், அந்த நோய் குழந்தைக்கு வரக்கூடுமா என்று அறிய மனைவிக்கும் மரபணுச் சோதனை தேவைப்படும். உற்பத்திக் குறை எனத் தோன்றினால் எஃப்எஸ்ஹெச், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் அளவுகளையும், கூடுதல் எக்ஸ் குரோமோசோம் கொண்ட கிளைன்ஃபெல்ட்டர் நிலையையும், ஒய் குரோமோசோமில் ஏற்படும் சிறு இழப்புகளையும் பார்ப்பார்கள். ஒய் குரோமோசோமின் ஏஇசட்எஃப்-ஏ பகுதி முழுவதும் இல்லாதவரிடம் அறுவைசிகிச்சை செய்தும் விந்தணு கிடைப்பதில்லை. முன்பே தெரிந்தால் வீண் அறுவை மிச்சம். மற்றவர்களில் பலருக்கு விந்தகத்திலிருந்தே விந்தணுவை எடுக்க முடிகிறது. ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையின் முதல் வெற்றிகளை 1992இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதன்பின் மிகச் சில விந்தணுக்கள் உள்ளவர்களுக்கும் வழி திறந்தது.

விந்தணு முட்டையைத் துளைக்குமா, அதன் டிஎன்ஏ முறிவின்றி இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை காட்டாது. டிஎன்ஏ முறிவுச் சோதனையை 2021 கையேடு கூடுதல் சோதனைகளில் சேர்த்திருக்கிறது. தொடர்ந்து கரு கலையும் தம்பதியருக்கு அது பயன்படலாம், எல்லோருக்கும் எழுதித் தரவேண்டியதில்லை. மருந்துக்கடைகளில் விற்கும் வீட்டுச் சோதனைப் பெட்டிகள் பல எண்ணிக்கையை மட்டுமே பார்க்கின்றன. விதைப்பைச் சிரை வீக்கத்தையோ விந்தகத்தில் உள்ள கட்டியையோ அவற்றால் கண்டறிய முடியாது. அதற்கு மருத்துவரின் நேரடி உடல் பரிசோதனை வேண்டும்.