எழுத்தாணி ஏந்திய படைத்தலைவர்

பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கங்க நாடு போர் ஓயாத நாடாயிருந்தது. மாரசிம்மன், இராசமல்லன் என்னும் இரு வேந்தர்க்கு அமைச்சராகவும் படைத்தலைவராகவும் நின்றவர் சாமுண்டராயர். கோணூர்க் களத்தில் நொளம்பரை வென்றமையால் வீரமார்த்தாண்டன், உச்சங்கிக் கோட்டைப் போரால் ரணரங்கசிங்கன் என்று அவர் பெற்ற பட்டங்கள் பல. அவற்றை அடுக்கிப் பார்ப்பவர்க்கு, இம்மனிதர்க்கு அமர்ந்து மூச்சுவிடவேனும் பொழுது வாய்த்ததா என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

பொழுது வாய்க்கவில்லை, அவரே அதனை உண்டாக்கிக்கொண்டார். இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட சிட்சாவிரதங்களுள் சாமாயிகம் ஒன்று. இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், எல்லாத் தொழிலையும் நிறுத்தித் தன்னுள் நோக்கியிருத்தல் அது. அட்டமி, சதுர்த்தசிகளில் புரோஷதோபவாசம். துறவியரைக் காட்டிலும் தொழிலில் ஆழ்ந்தவர்க்கே இவை மிகத் தேவை என்பதை உணர்ந்தே முன்னோர் இவற்றை இல்லறத்தார் விரதங்களுள் வைத்தனர் போலும்.

சாமுண்டராயர்க்கு அண்மையிலேயே ஒரு சான்றும் இருந்தது. பல நாடுகளை வென்ற மாரசிம்மன் அரசைத் துறந்து, பங்காபுரத்தில் அஜிதசேன அடிகள் திருமுன் மூன்று நாள் சல்லேகனை நோற்று உயிர் நீத்தான். அந்த அஜிதசேனரே சாமுண்டராயர்க்கும் ஆசிரியர்.

கி.பி. 978-இல், பதவியில் இருந்துகொண்டே, சாமுண்டராயர் கன்னட உரைநடையில் ஒரு புராணத்தை எழுதி முடித்தார். அது 63 சலாகா புருடர்களின் வரலாறு. அவர்களுள் 24 தீர்த்தங்கரர் நீங்கலாக எஞ்சிய 39 பேரும் சக்கரவர்த்திகளும் பலதேவ, வாசுதேவ, பிரதிவாசுதேவர்களுமே. பகைவனைக் கொன்று வென்ற வாசுதேவனும் நரகம் புகுவான் என்பது நம் புராண மரபு. களத்தில் வென்று பட்டம் பெற்ற ஒருவர் அச்செய்தியைத் தம் கையாலேயே ஒன்பது முறை எழுத நேர்ந்ததை எண்ணிப் பார்த்தல் தகும். அந்த ஏட்டின் முன் அமர்ந்திருந்த பொழுதுகள் அவர்க்கு எளியனவாய் இருந்திரா. நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி அவர்பொருட்டுக் கோம்மடசாரம் இயற்றியதும் இவ்வேட்கையை உணர்த்தும்.

பின்னர் விந்தியகிரியில் ஏறத்தாழ 58 அடி உயர ஒற்றைக்கல் திருவுருவத்தை அவர் எழுப்புவித்தார். அதற்கு அவர் தேர்ந்தது பாகுபலியை. தமையன் பரதனை வென்ற அக்கணமே வெற்றியை வெறுத்து, ஓராண்டு அசையாது நின்று, கொடி படரப் பெற்றவர் பாகுபலி. படைத்தலைவர் ஒருவர் இவரைத் தேர்ந்தமை தற்செயல் எனக் கொள்ளல் அரிது.

அம்மலையிலேயே தியாகத பிரமதேவர் தூண் என்றொரு தூண் உண்டு. சாமுண்டராயரின் போர்ச் செயல்களை விரித்துரைத்த கல்வெட்டு அதில் இருந்தது. பிற்காலத்தார் ஒருவர் தம் சிறு செய்தியைப் பொறிப்பதற்காக அதன் மூன்று பக்கங்களை அழித்துவிட்டார். ஒரு பக்கமே எஞ்சியது.

பாகுபலியின் திருவடி மருங்கிலோ, இவ்வுருவைச் செய்வித்தவர் சாமுண்டராயர் என்னும் சிறு வரி கன்னடத்திலும் மராத்தியிலும் தமிழிலும் இன்றும் உள்ளது. தமிழ் வரி கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து வெட்டப்பட்டது. அதில் பட்டம் எதுவும் இல்லை.