மலைநாட்டின் ஓசையும் இரைச்சலும்

ஓசையற்ற மலைநாடு என்றும் இருந்ததில்லை. விடியற்பொழுதில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்த தப்பின் முழக்கம், கோப்பி மூட்டைகளைச் சுமந்து கொழும்பு நோக்கி இறங்கிய மாட்டு வண்டிகளின் சலங்கையொலி, மேட்டில் மூச்சிரைக்க ஏறிய புகையிரதத்தின் கூவல் ஆகிய யாவும் அம்மக்களின் வாழ்வோடு இணைந்தவை. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருந்தது. பொருளின்றிப் பிறர் துயிலைக் கெடுக்கும் ஒலியையே இரைச்சல் என்கிறோம். புகைக்குழாயை மாற்றியமைத்து நள்ளிரவில் வளைவுதோறும் உறுமிச் செல்லும் லொறியின் ஒலி இவ்வகையினது.

புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை இடப்பட்ட சிறுபாதை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. தேயிலைப் பெட்டிகளும் உரமும் விறகும் லொறிகளில் ஏறின. அவற்றோடு புதியதோர் ஓசையும் மலையேறிற்று.

அவ்வோசையின் காரணம் எளிது. இயந்திரத்தின் உருளைக்குள் எரிந்த வாயு, வால்வு திறந்தவுடன் பேரழுத்தத்தோடு வெளிப்படுகிறது. ஒவ்வொரு வெளிப்பாடும் ஒரு சிறு வெடியாகும். இதனைத் தணிக்கும் கருவிக்கு அமெரிக்கச் சகோதரர்களான மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் இருவரும் 1897இல் காப்புரிமை பெற்றனர். சைலன்சரின் உள்ளறைகளில் ஒலியலைகள் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழிக்கின்றன; சிலவற்றில் துளையிட்ட குழாயைச் சுற்றியுள்ள கண்ணாடி நார் ஒலியை உறிஞ்சுகிறது.

பழைய மோட்டார் வண்டிகள் சிலவற்றில் சைலன்சரை விலக்கிப் புகையை நேரே வெளிவிடும் திறப்பு ஒன்று இருந்தது. மேடேறுகையில் அதனைத் திறப்பர், ஊருக்குள் மூடுவர். சைலன்சரைக் கழற்றினால் வலு பெருகும் என்னும் இக்கால நம்பிக்கை அப்பழக்கத்தின் எச்சமே. இயந்திரத்துக்கேற்ப வகுக்கப்பட்ட இன்றைய சைலன்சரை அகற்றுவதால் வரும் ஊதியம் சொற்பம், ஒலியோ பன்மடங்கு.

இறக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1931இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில், தடை பயன்படாது விரைந்த லொறியிலிருந்து கிளெசி கம்மின்ஸ் மயிரிழையில் உயிர் தப்பினார். அந்நினைவே பிற்காலத்தில் அவரை இயந்திரத்தையே தடையாக்கும் கருவியைப் படைக்கச் செய்தது. 1961இல் அது விற்பனைக்கு வந்தது. அமுக்கிய காற்றைத் திடீரென விடுவிப்பதால் அக்கருவி சம்மட்டியடி போல் ஒலிக்கும். நல்ல சைலன்சர் இருப்பின் அது அடங்கும். வெறுங்குழாயாயின் மலையே அதிரும். ஆதலால் உயிர் காக்கும் தடையைக் குறைகூறல் தகாது, குற்றம் குழாயினதே.

பரிகாரம் அரிதன்று. முதலில் குழாயின் பொருத்துகளில் கரி படிந்துள்ளதா என நோக்குதல் வேண்டும். கரி, கசிவின் அடையாளம். தேய்ந்த கேஸ்கட்டையும் துருவேறிய துண்டையும் மாற்றி, வண்டிக்குரிய அளவான சைலன்சரை மீண்டும் பொருத்தினால் பெரும்பகுதி இரைச்சல் தீரும். எஞ்சும் ஒரே சுரமான ரீங்காரத்துக்கு, முனை அடைத்த பக்கக் குழாய் ஒன்று போதும். அலைநீளம் நான்கு மீற்றராயின் குழாய் ஒரு மீற்றர்: உட்சென்று திரும்பும் அலை, எதிர்வரும் அலையை அழித்துவிடும்.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 1951இன் மோட்டார் வாகனச் சட்டம் வீதி வாகனங்களை நெறிப்படுத்துகிறது. 1996இன் ஒலிக்கட்டுப்பாட்டு விதிகள் பாடசாலை, வைத்தியசாலைச் சூழலுக்குப் பகலில் 50, இரவில் 45 டெசிபல் என எல்லை வகுத்தன. 2007இல் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில் இரவின் அமைதியைக் காத்தது.

எனினும் சட்டத்தினும் வலியது அண்டை வீட்டாரின் நினைவு. கோப்பிக் காலத்து மரபில் எழுந்த லயன் அறைகளில் குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே ஒரு சுவரே உண்டு. மேலே தகரக் கூரை. வீதியோரத்து உறுமல் ஒரே வேளையில் முழு வரிசையையும் எழுப்பிவிடும். அவ்வரிசையிலேயே, விடியலில் கூடை சுமக்க வேண்டிய தாய் உறங்குகிறாள். லொறியைச் செலுத்துபவன் பெரும்பாலும் அத்தகையதொரு லயத்தில் வளர்ந்த மகனே. தப்பு அவளை எழுப்பும் வரையேனும் அவள் துயில, அவன் ஒரு குழாயைத் திருத்திக்கொள்ளலாகாதா?