சுமைதாங்கிக் கல்லும் 'வீரன்' என்ற சொல்லும்

'வீரன்' என்பதற்குப் பெண்பால் என்ன என்று வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் சட்டென்று 'வீராங்கனை' என்பார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். சொல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் சங்கடம் தெரியும். அங்கனை என்றால் பெண். ஆணுக்கு ஒரு விகுதி போதுமாக இருக்கிறது. பெண்ணுக்கோ, அவள் பெண் என்பதைத் தனிச்சொல் வைத்து அறிவிக்க வேண்டியிருக்கிறது.

காரணம் வேரிலேயே இருக்கிறது. வடமொழியில் 'வீர' என்பது ஆணையும் போர்வீரனையும் குறித்தது. வேதப் பாடல்களில் ஆண்மகவையும் குறித்தது. ஆண் என்று பொருள்படும் இலத்தீன் 'விர்' இதற்கு உறவுச்சொல். அதிலிருந்து 'விர்ட்டூஸ்' பிறந்தது. முதலில் ஆண்மை, துணிவு என்றிருந்த அதன் பொருள் பிறகு நற்பண்பு என்று விரிந்தது. ஆணாகப் பிறப்பதும், துணிவும், நல்ல குணமும் ஒரே வேரில் முடிச்சுப் போடப்பட்டுவிட்டன.

வேலுநாச்சியாரைப் பாருங்கள். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சியில் எட்டு ஆண்டுகள் தங்கி, ஹைதர் அலியின் துணையோடு படை சேர்த்து, 1780இல் சிவகங்கையை மீட்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயது. நாம் அவரை 'வீரமங்கை' என்கிறோம். பாட்டியல் நூல்கள் பெண்ணுக்கு வகுத்த ஏழு பருவங்களில் மங்கை என்பவள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி. ஐம்பது வயதில் நாட்டை மீட்ட அரசிக்கு நம் மொழி கொடுத்த பட்டம் அது.

சரி, சினிமா வழியாக வீட்டுக்குள் வந்துவிட்ட 'ஹீரோ'வாவது வேறு கதை சொல்கிறதா? ஓரளவு சொல்கிறது. அது கிரேக்கச் சொல். ஹோமரின் காப்பியங்களில் போர்வீரர்கள் மட்டும் ஹீரோக்களாக இருக்கவில்லை. பாடகனும் கட்டியக்காரனும்கூட அப்படி அழைக்கப்பட்டார்கள். கிரேக்க ஊர்களின் வழிபாட்டில் இன்னொரு பொருள் நிலைத்தது: இறந்த பின்னும் ஆற்றலோடு இருப்பதாக ஊர் நம்பி, கல்லறையில் படையல் இடும் ஒருவர். அந்தப் பொருளில் வெற்றி கட்டாயமில்லை, ஆணாக இருப்பதும் கட்டாயமில்லை. ஸ்பார்ட்டா அருகே ஹெலனுக்கு வழிபாடு நடந்தது.

ஏதென்சுக்குக் கிழக்கே கடற்கரையில் பிரௌரோன் என்ற ஊர். படைக் கப்பல்களுக்குக் காற்று வேண்டும் என்பதற்காகத் தந்தையே பலிகொடுக்கத் துணிந்த இஃபிகேனியாவை அந்த ஊரோடு சேர்த்துச் சொல்வார்கள். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்களின் ஆடைகள் அவளுக்குக் காணிக்கையாகும் என்று யூரிப்பிடீஸ் தன் நாடகத்தில் எழுதினார். பிரௌரோனின் தெய்வமான ஆர்ட்டெமிசுக்குப் பெண்கள் கொடுத்த ஆடைகளின் பட்டியல்கள், கொடுத்தவர்களின் பெயர்களோடு கல்லில் வெட்டப்பட்டு இன்றும் கிடைக்கின்றன. போர்க் காப்பியங்களுக்குப் பக்கத்திலேயே, பேறுகாலத்தை உயிர்ப்போராட்டமாகக் கண்ட ஒரு வழிபாடும் இருந்திருக்கிறது.

நம் பக்கம் திரும்புவோம். இறந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைக் கல்லைத் தேர்வது தொடங்கி வாழ்த்துவது வரை தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, ஆநிரை கவரும் பூசலில் இறந்தவன் ஒருவனின் பெயரைச் சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயின் உருவமும் இருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும் இருக்கிறது. நன்றி மறவாத ஊர். மாட்டுக்காக இறந்தவனையும் நினைத்தது, அவனோடு நின்ற நாயையும் நினைத்தது.

பிள்ளை பெறும்போது இறந்தவளை ஊர் மறந்துவிட்டதா? இல்லை. அவளுக்கும் கல் நட்டார்கள். வழியோரத்தில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒன்றைக் குறுக்கே வைத்த சுமைதாங்கிக் கல் அது. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளின் பாரம், வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அங்கே இறக்கிவைக்கும்போது குறையும் என்பது நம்பிக்கை. சிலவற்றில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். பலவற்றில் வெறும் கல்தான். விறகும் தண்ணீரும் சுமந்த பெண்கள், யாருடைய கையும் வேண்டாமல் இறக்கி ஏற்ற அது உதவியது.

வேறுபாட்டைக் கவனியுங்கள். நடுகல்லில் இறந்தவன் வாளோடு நிற்கிறான். நாம் நின்று பார்க்கிறோம். சுமைதாங்கியில் அவள் உருவம் இல்லை. செத்த பிறகும் அடுத்தவர் பாரத்தைத் தாங்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. ஒன்றை 'வீரக்கல்' என்று அருங்காட்சியகத்தில் வைத்தோம். மற்றது சாலை அகலமாகும்போது பெயர்க்கப்பட்டு எங்கோ கிடக்கிறது.

'வீரன்' என்பதற்குச் சரியான பெண்பால் தேடுவது நம் வேலை என்று நான் நினைக்கவில்லை. எந்தச் சாவை ஊருக்காக நேர்ந்த சாவு என்று எண்ணினோம், எதை விதி என்று ஒதுக்கினோம் என்று கேட்பதே வேலை. உங்கள் ஊர்ப் பாதையில் சுமைதாங்கி இருந்தால், அது யாருக்காக நட்டது என்று வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். பெயர் தெரிந்தால் எழுதி வையுங்கள்.