காற்றால் ஆகும் தூய்மையும் ஆகாத தூய்மையும்: தூத்துக்குடி நிலத்தடி நீர் மாசின் வரலாறு

மாசுற்ற நிலத்தைத் தோண்டி அகற்றாமல், காற்றைக் கொண்டே தூய்மை செய்யும் முறைகள் 1980களில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பரவின. நீர்மட்டத்திற்கு மேலுள்ள மண்ணிலிருந்து ஆவியை வெற்றிடக் குழாய்களால் உறிஞ்சுவது ஒன்று. நீர்மட்டத்திற்குக் கீழே காற்றைச் செலுத்தி, குமிழிகளின் வழியே மாசை மேலேற்றுவது மற்றொன்று. பெட்ரோல், பென்சீன் போன்று எளிதில் ஆவியாகும் பொருள்களுக்கே இவை பொருந்தும். 2013இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் பாரத் பெட்ரோலியம் குழாய்க் கசிவால் ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் கலந்த நிகழ்வு இம்முறைகளுக்கு உரிய களமாகும். தூத்துக்குடியின் சிக்கல் அத்தகையதன்று.

சிப்காட் வளாகத்தில் அமைந்த ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை 1997 தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986இலேயே உருவாகியிருந்தது. சூழல் கூருணர்வு மிக்க பகுதியிலிருந்து 25 கிலோமீட்டர் விலகி ஆலை அமைய வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிபந்தனை. ஆலையோ சுமார் 14 கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்ததை நீரி என்னும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் 1998 அறிக்கை காட்டியது. (இக்கரையில் முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நடைபெறவில்லை, முத்துப் பார்களின் அழிவுக்கு ஆலையைக் காரணமாக்குவது காலவரிசைக்குப் பொருந்தாது.)

நிலத்தடி நீரைக் குறித்த சான்றுகளில் முதன்மையானது ஆர்செனிக் பற்றியது. 2010 செப்டம்பர் 28இல் ஆலையை மூட ஆணையிட்ட சென்னை உயர் நீதிமன்றம், நீரியின் 2005 அறிக்கையை முன்வைத்து, வளாகம் முழுவதையுமே அபாயகரக் கழிவாக வகைப்படுத்தத்தக்க அளவில் ஆர்செனிக் உள்ளதெனக் கருதியது. 2013 ஏப்ரல் 2இல் உச்ச நீதிமன்றம் அம்மூடல் ஆணையை நீக்கியது. எனினும் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அத்தொகையை மாவட்ட ஆட்சியர் வைப்பு நிதியில் இட்டு, அதன் வட்டியைக் கொண்டு ஆலைச் சுற்றுப்புறத்தின் நீரையும் மண்ணையும் உள்ளிட்ட சூழலை மேம்படுத்த வேண்டும் என்பது தீர்ப்பு. மண்ணின் மீட்பு ஒரு கடமையாக எழுத்தில் இடம்பெற்றமையால், இவ்வழக்கின் வரலாற்றில் இப்பகுதி மூடல் ஆணைகளுக்கு இணையான கவனத்திற்குரியது.

ஆயின் எம்முறையால் மீட்பது? உலோகங்கள் இயல்பு வெப்பநிலையில் ஆவியாவதில்லை. பாதரசம் ஒரு விலக்கு. ஆர்செனிக்கைக் குமிழிகள் ஏற்றிச் செல்லா. காற்றுக்கு இங்கு எஞ்சும் பணி வேதிப்பணியே. காற்றூட்டிய நீரை நிலத்துள் செலுத்தினால் கரைந்துள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் பெற்றுப் படியும்; ஆர்செனிக் அப்படிவில் ஒட்டிக்கொள்ளும். மேற்கு வங்கத்தின் காசிம்பூரில் இம்முறை குடிநீருக்குப் பயன்பட்டது. அங்கு ஆர்செனிக் நிலவியல் வழி வந்தது, இரும்பும் உடனிருந்தது. மேலும் இம்முறை ஆர்செனிக்கை அகற்றுவதில்லை, நிலத்தினுள்ளேயே கட்டிவைக்கிறது. மேற்பரப்பில் கழிவுக் குவியல் கிடக்கும் இடத்தில், மழைதோறும் புதிய மாசு கீழிறங்குமாயின், இத்தகைய கட்டு நிலைக்காது. எனவே தூத்துக்குடியில் முதற்பணி மூலத்தை அகற்றுதலே.

அம்மூலம் பற்றிய பதிவு 2018ஆம் ஆண்டினது. ஏப்ரல் 9இல் வாரியம் இசைவைப் புதுப்பிக்க மறுத்தபோது சுட்டிய குறைகளுள் உப்பாற்றங்கரையில் கொட்டிய தாமிரக் கசடை அகற்றாமை ஒன்று. மே 22 துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தபின், 28இல் அரசு ஆலையை மூட ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 18இலும் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29இலும் இம்மூடலை உறுதிசெய்தன. இடையே 2021 பெருந்தொற்றில், மருத்துவ ஆக்சிஜன் தயாரிக்க மட்டும் வளாகம் திறக்கப்பட்டது.

எந்தத் தூய்மையாக்க முறையைத் தேர்வதற்கும், எந்த ஆழத்தில் எவ்வுலோகம் எவ்வளவு உள்ளது, நீர் எத்திசையில் கடலை நோக்கி நகர்கிறது என்னும் தொடர் அளவீடு முன்தேவை. 2018 ஏப்ரல் ஆணை சுட்டிய குறைகளுள் மற்றொன்று, ஆழ்துளைக் கிணறுகளின் நிலத்தடி நீர்ப் பகுப்பாய்வு அறிக்கைகள் அளிக்கப்படவில்லை என்பதாகும்.