இத்தாலியில் இறந்த காஞ்சிபுரத்துச் சுபேதார்

ஒவ்வொரு நவம்பரிலும், அட்வென்ட் தொடங்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு, ஜேர்மனி முழுவதும் ஃபோல்க்ஸ்ட்ரவுவர்டாக் வருகிறது. எங்கள் ஹம்மிலும் போர் நினைவுக் கற்களுக்கு மலர்வளையம் வைப்பார்கள். "அது அவையின்ர போர், எங்களுக்கு என்ன?" என்று எங்கள் வயதுப் பிள்ளைகள் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை.

சுபேதார் சுப்பிரமணியன் என்று ஒருவர் இருந்தார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தவர். மதறாஸ் சாப்பர்ஸ் என்ற படைப்பிரிவில் இருந்தார். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது எல்லாம் சாப்பர்களின் வேலை. மற்றவர்கள் நடப்பதற்கு முன்பு இவர்கள் நடக்க வேண்டும். 1944 பெப்ரவரி 24 அன்று, இத்தாலியில் மினியானோ என்ற இடத்தில், அவருடைய குழு வெடிகளை அகற்றிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணிவெடி கிளம்பிவிட்டது. அது வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. அவர் விலகி ஓடவில்லை. அதன் மேல் விழுந்து தன் உடலால் மூடினார். அவர் இறந்தார், கூட நின்றவர்கள் பிழைத்தார்கள். இறந்த பிறகு ஜோர்ஜ் குரொஸ் என்ற உயர்ந்த பிரித்தானியப் பதக்கம் கொடுத்தார்கள். அந்த வெடிகளைப் புதைத்தது ஜேர்மன் படை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அதே போரில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஹம்மின் பெரிய சரக்கு ரயில் நிலையத்தைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பக் குண்டு போட்டன. நகரமும் சேர்ந்து அழிந்தது. அந்தக் கல்லில் பெயர் உள்ளவர்களும் சுப்பிரமணியனும் எதிரெதிர்ப் பக்கம். இன்று நாங்கள் இந்த நகரத்தவர், அவருடைய மொழிக்காரர். இரண்டு துக்கமும் எங்களுக்குச் சேரும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் போரில் பிரித்தானிய இந்தியப் படையில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் (இரண்டரை மில்லியன்!) இருந்தார்கள். சுமார் 87,000 பேர் இறந்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை என்பார்கள். வறுமையும் ஒரு வகைக் கட்டாயம்தான். எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவும் இல்லை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழர் பலர், 1943 முதல் சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பிரித்தானியாவுக்கு எதிராகத் துப்பாக்கி எடுத்தார்கள். அதில் ஜான்சி ராணிப் படை என்று பெண்களுக்கே ஒரு படை இருந்தது. தலைமை தாங்கியவர் சென்னையில் மருத்துவம் படித்த கப்டன் லட்சுமி. சுதந்திர இந்தியா இவர்களைப் போற்றியது. அந்நிய ஆட்சியின் சீருடையில் செத்த சுப்பிரமணியன் போன்றவர்களை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. பள்ளிப் பாடத்தில் அவர்களுக்குப் பெரிதாக இடம் கிடைக்கவில்லை.

முதலாம் உலகப் போரின் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. பேர்லினுக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் வுன்ஸ்டோர்ஃப். அங்கே 'பிறை முகாம்' என்று ஒரு கைதி முகாம் இருந்தது. ஜேர்மனி பிடித்த இந்தியச் சிப்பாய்களை அங்கே அடைத்து, பிரித்தானியாவுக்கு எதிராகத் திருப்பப் பார்த்தார்கள். மொழி ஆய்வாளர்கள் வந்து கைதிகளின் குரல்களைப் பதிவு செய்தார்கள். அந்த ஒலித்தட்டுகள் இன்றும் பேர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஊர் திரும்பாமலே இறந்த 206 இந்தியர்களை அருகில் உள்ள செரன்ஸ்டோர்ஃப் மயானத்தில் நினைவுகூர்கிறார்கள். பெரும்பாலும் வட இந்தியரும் நேபாளத்தவரும். பல ஆண்டுகள் அந்த இடம் இராணுவப் பயிற்சி நிலத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது. இப்போது யாரும் போகலாம். வகுப்போடு பேர்லினுக்குப் போகிறவர்கள் ஆசிரியரிடம் ஒரு அரை நாள் கேட்டுப் பாருங்கள்.