சோம்பேறி என்று பெயர் வாங்கும் பிள்ளைகள்: தோட்டப்புறத்தில் பதின்ம வயது மனச்சோர்வு

மஸ்கெலியாவில் நான் கற்பித்த காலத்தில் பத்தாம் தரத்தில் ஒரு மாணவன் இருந்தான். முதல் தவணையில் கணிதத்தில் கெட்டிக்காரன். இரண்டாம் தவணையில் கடைசி வாங்குக்குப் போனான். பாடம் நடக்கும்போது தூங்கினான், கேள்வி கேட்டால் எரிந்து விழுந்தான். அவனைச் சோம்பேறி என்று வகுப்பின் முன்னால் திட்டியவர்களில் நானும் அடக்கம். அவனது தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக சவூதிக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. இரவில் பிள்ளை தூங்குவதேயில்லை என்று பிறகு அவனது பாட்டி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மன அழுத்தத்தையும் மனச்சோர்வையும் நாம் ஒன்றாகவே பேசுகிறோம். பரீட்சை நெருங்கும்போது வருவது அழுத்தம். பரீட்சை முடிந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். மனச்சோர்வு ஒரு நோய். குறைந்தது இரண்டு வாரமாவது, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் நீடிக்கும். முன்பு பிடித்த கிரிக்கெட், பாட்டு, சிநேகிதர் எதிலும் நாட்டம் இருக்காது. தூக்கமும் பசியும் குறையும், சிலருக்குக் கூடும். படித்தது மனதில் நிற்காது. 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும். வளர்ந்தவர்களிடம் கவலையாகத் தெரிவது பதின்ம வயதினரிடம் எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படலாம். அதனால்தான் வீட்டிலும் பாடசாலையிலும் அது 'வாய்க்கொழுப்பு' என்று கணக்காகிவிடுகிறது.

தோட்டங்களில் அது உடம்பு வழியாகவும் வரும். தலைவலி, வயிற்றுவலி, நெஞ்சடைப்பு. டிஸ்பென்சரியில் பனடோல் கொடுப்பார்கள். மாறாவிட்டால் கோடாங்கி. கோடாங்கியிடம் போவதை நான் கேலி செய்ய மாட்டேன். பிள்ளையின் மாற்றத்தை வீட்டில் எவரோ கவனித்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். அங்கேயே நின்றுவிடுவதுதான் சிக்கல்.

உலகில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஏழில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. இந்த வயதுக்கு உடல்சார்ந்த காரணமும் உண்டு. உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப்பகுதிகள் முன்னதாகவே வேகம் பிடிக்கின்றன. அவற்றை நிதானப்படுத்தும் முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கும். பருவமடைந்த பின் பெண் பிள்ளைகளிடம் மனச்சோர்வு ஆண் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இருமடங்கு. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் சாத்தியம் கூடுதல். ஒரு பாடத்தில் தவறியதை வாழ்க்கையே தவறியதாக எண்ணும் பழக்கமும் நோயை வளர்க்கிறது.

ஆனால் விதை மட்டும் போதாது, நிலமும் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில் ஆறேழு பேர். ஒரு பெண் பிள்ளைக்கு அழுவதற்குக்கூட மறைவான இடமில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாவாவதற்கே பல வருடம் போராடி 2021 வரை காத்திருந்தார்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். கடன், அதன் மேல் அப்பாவின் குடி. தாய் வெளிநாடு போன வீட்டில் மூத்த மகள் பதினான்கு வயதிலேயே தாயாகிவிடுகிறாள். அவள் சிறுமி என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் பையனுக்குக் கொழும்புக் கடை காத்திருக்கிறது. அங்கே அவன் கேட்கும் பெயர் 'தோட்டக்காட்டான்'. கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும்: அந்தச் சொல்லைச் சிங்களவர் மட்டும் பயன்படுத்தவில்லை.

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் 2009 வரை யுத்தத்தையும் சுமந்தார்கள். யுத்தம் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்ட காலமாக எழுதி வருகிறார். மஸ்கெலியாவில் ஷெல் விழவில்லை. ஆனால் 1948இல் குடியுரிமை பறிபோனது, 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பங்கள் கடலுக்கு இருபுறமும் பிரிந்தன. அந்தக் கதைகளைப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. முள்ளிவாய்க்காலைப் பற்றிப் பேசாத வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மௌனம் பழக்கமானதுதான்.

'செத்தால் நல்லது' என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு லட்சம் பேருக்கு 47 அளவில் இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அது பாதிக்கும் கீழே இறங்கியது. ஆபத்தான கணம் பெரும்பாலும் கடந்து போகக்கூடியது என்பதால்தான் இது நடந்தது. வீட்டிலுள்ள மருந்துகளையும் தோட்ட இரசாயனங்களையும் பூட்டி வையுங்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமல்ல. பொலிசுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை.

மிதமான மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே பலன் தரும். கடுமையானால் புளுவொக்சற்றின் போன்ற மாத்திரை சேர்ப்பார்கள். அது வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். ஆரம்ப வாரங்களில் பிள்ளையை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும், சொந்தமாக நிறுத்தக்கூடாது. அரச வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் பணம் வாங்குவதில்லை. ஆனால் வார நாளில் பிள்ளையைக் கூட்டிப்போனால் அம்மாவுக்கு அன்றைய பேர் இல்லை. பல வீடுகளில் சிகிச்சை நின்றுபோவது வெட்கத்தால் அல்ல, இந்தக் கணக்கால்தான். அவசரத்துக்கு தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

அந்த மாணவனோடு கிளினிக்குக்குப் பாட்டிதான் போனார். அவர் ஓய்வு பெற்றிருந்ததால் பேர் போகும் கவலையில்லை. சவூதியிலிருந்து தாய் வெள்ளிக்கிழமைகளில் அழைக்கத் தொடங்கினார். கணிதம் அவனுக்கு இரண்டாம் முறைதான் கிடைத்தது. முடிவு வந்த அன்று என்னிடம் சொல்ல வந்தபோதும் அவன் அதிகம் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். 'பரவாயில்ல சேர்' என்றான்.